ஏழாம் அத்தியாயம்: பாட்டு ஒன்று, காது பல

ஒன்பதாம் வகுப்பில் "தெரிந்த ஒருவரை வைத்துக் கதை எழுதுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது நன்னடத்தைச் சான்றிதழ்தான். "முருகன் ஏழை. ஆனாலும் நேர்மையானவன். கடினமாக உழைப்பவன்." மூன்று வாக்கியத்தில் முருகன் தீர்ந்துபோகிறான். நாளைக்குக் கடைத்தெருவில் அவன் எதிரே வந்தால் நம்மால் அடையாளம் காண முடியாது. பிள்ளைகளுக்கு மனிதர்களைத் தெரியாமல் இல்லை. ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட வேண்டும் என்று கட்டுரைப் பயிற்சி அவர்களைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை உடைக்க இசையைவிட நல்ல கருவி வகுப்பறைக்குள் வரமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. காதில் பாட்டு விழும்போது மனிதர் ஏதோ ஒன்று செய்கிறார். பேச்சை நிறுத்துகிறார், வால்யூமைக் குறைக்கச் சொல்கிறார், விரலால் தொடையில் தட்டுகிறார், எழுந்து வெளியே போய்விடுகிறார். அதை அவர் யோசித்துச் செய்வதில்லை. அதனால் அதில் பொய் இருப்பதில்லை.

காவிரிப் பாசனப் பகுதியில் பாடம் நடத்துகிறவர் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி, மண்டபத்து நாகஸ்வரம், சாவு வீட்டுப் பறை, நாகூர் கந்தூரிக்குப் பாடும் பாட்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வழியெல்லாம் பாடுவது, தஞ்சாவூர் – மன்னார்குடி பஸ்ஸில் ஓடும் இளையராஜா: மாணவர்கள் இவற்றுக்கு நடுவேதான் வளர்கிறார்கள். தியாகையர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரும் 18ஆம் நூற்றாண்டில் திருவாரூரில் பிறந்தவர்கள் என்பதைப் பொது அறிவுக் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். அந்த ஊர் இசையை எழுத்துப் பயிற்சிக்குள் கொண்டுவருவதே இந்த அத்தியாயத்தின் வேலை. ஆசிரியருக்குப் பாடத் தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம். ஒரு கைபேசியும் சின்ன ஸ்பீக்கரும் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "உன் கதாபாத்திரத்துக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். விருப்பப் பட்டியல்தான் வரும். "அந்தப் பாட்டு காதில் விழுந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், பிறகு என்ன செய்தார்?" என்று கேளுங்கள்.

கெட்டிமேளம்

முதல் பயிற்சியைக் கல்யாணத்திலிருந்து தொடங்குவது நல்லது. எல்லாப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தை ஒலிபரப்புங்கள். முதல் முறை யாரும் எழுதக்கூடாது, கேட்க மட்டும். இரண்டாம் முறைக்கு முன்னால் கரும்பலகையில் ஆட்களை எழுதுங்கள்: பெண்ணின் அப்பா, இன்னும் கல்யாணம் ஆகாத அக்கா, சமையல்காரர், தவில்காரரின் மகன், அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டிய மேலாளர், பட்டுப்பாவாடை கட்டிய ஐந்து வயதுப் பெண், மாப்பிள்ளையோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர். ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, மேளம் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை அந்த ஆள் செய்ததை மட்டும் நான்கைந்து வரியில் எழுத வேண்டும்.

சில சொற்களுக்குத் தடை போடுங்கள். சோகம், மகிழ்ச்சி, ஏக்கம், பெருமிதம் கூடாது. கண்ணீரும் கூடாது. கண்ணீரை அனுமதித்தால் முப்பது பேரில் இருபது பேர் அதைத்தான் எழுதுவார்கள். 'இனிமையான', 'தேனான', 'மனதை மயக்கும்' போன்றவையும் வேண்டாம். இசையை வர்ணிக்கவே தேவையில்லை. படிக்கிறவருக்குக் கெட்டிமேளம் தெரியும்.

மாணவர்களுக்குக் காட்டுவதற்காக நான் எழுதி வைத்திருக்கும் மூன்று குறிப்புகள் இவை:

சமையல்காரர் அண்டாவிலிருந்து கரண்டியை எடுக்கவில்லை. மேளம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே, "எலையப் போடுங்கடா" என்றார்.

அக்கா கையில் இருந்த அட்சதையை எல்லோரும் போட்டு முடித்த பிறகுதான் போட்டாள். அதற்குள் மேளம் நின்றிருந்தது.

தவில்காரர் மகன் மணமேடைப் பக்கமே பார்க்கவில்லை. அப்பாவின் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிரல் கூட்டில் விரிசல் விட்டிருந்தது.

இவற்றில் எந்த ஆளுக்கும் குணம் சொல்லப்படவில்லை. ஆனால் அக்காவைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேசலாம். ஏன் கடைசியில் போட்டாள்? யாராவது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? அவள் அட்சதையை இறுக்கிப் பிடித்திருந்தாளா, மறந்துவிட்டாளா? இந்தக் கேள்விகள் தொடங்கிவிட்டால் கதாபாத்திரம் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், ஆனால் ஆளின் பெயரையும் உறவையும் மறைத்து. அது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாத பத்தியில் செயல் போதவில்லை என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

ராக அட்டவணை வேண்டாம்

இசை என்றதும் சில ஆசிரியர்கள் முகாரி என்றால் அழுகை, மோகனம் என்றால் மகிழ்ச்சி என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முகாரியில் துயரம் துளியும் இல்லாத கீர்த்தனையைத் தியாகையரே செய்திருக்கிறார். அப்படியே ஒரு ராகத்துக்கு ஒரு சுவை என்று வைத்துக்கொண்டாலும் கதைக்கு அதனால் லாபமில்லை. எல்லோரும் அழும் பாட்டுக்கு அழுகிறவரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எல்லோரும் அழும்போது செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடுகிறவர்தான் நமக்கு வேண்டும்.

சினிமாப் பாட்டைக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் முதல் சில வாரங்களுக்கு வரிகள் இல்லாத இசையாகவே இருக்கட்டும்: நாகஸ்வரம், வீணை, தவில் தனி, படத்தின் பின்னணி இசை. பாட்டில் வரி இருந்தால் பிள்ளைகள் அந்த வரியின் கதையைத் திருப்பி எழுதிவிடுகிறார்கள். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. 1956இல் மறைந்த, திருவாவடுதுறையோடு பெயர் ஒட்டிக்கொண்ட அந்தக் கலைஞரின் ஆலாபனையை ஐந்து நிமிடம் ஒலிக்க விட்டு, "இது கேட்கும் வீட்டின் மாடியில் யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பாடநூலிலேயே இருக்கிறது

தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தி. ஜானகிராமனின் 'செய்தி' விரிவானப் பகுதியாக வைக்கப்பட்டிருக்கிறது. பல வகுப்புகளில் அதை 'இசைக்கு மொழி இல்லை' என்ற ஒரு வரியில் முடித்துவிட்டுக் குறுவினாவுக்குப் போய்விடுகிறோம். எழுதக் கற்றுக்கொடுக்க அதைவிடச் சிறந்த பாடம் அந்த நூலில் இல்லை என்பது என் முடிவு. ஜானகிராமன் 1921இல் மன்னார்குடிக்கு அருகே தேவங்குடியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு வானொலியில் வேலை பார்த்தவர், சங்கீதம் கற்றவர். அவருடைய 'மோகமுள்' நாவலில் கும்பகோணத்து ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்பது கதையின் முதுகெலும்பு. நாவல் முழுதும் பள்ளி வகுப்புக்கு ஏற்றதல்ல. ஆனால் ஆசிரியர் இந்தப் பயிற்சிகளைத் தொடங்கும் முன் அதைப் படித்துவிட்டால், ஒரு மனிதர் சத்தங்களைக் கேட்கும் விதத்தை வைத்தே அவரை எப்படிக் கட்டி எழுப்பலாம் என்று தெரியும்.

'செய்தி'யில் நாகஸ்வர வித்துவான் பிள்ளை, மேல்நாட்டிலிருந்து வந்த போல்ஸ்கா என்ற இசைக்காரர் முன்னால் வக்கீல் வீட்டில் வாசிக்கிறார். சாமா ராகத்தில் 'சாந்தமுலேகா' வரும்போது போல்ஸ்கா தன் வசம் இழக்கிறார். வேறு எதுவும் வேண்டாம், அதையே மறுபடி வாசிக்கச் சொல்கிறார். கூச்சலும் கொந்தளிப்பும் நிறைந்த உலகத்தின் நடுவே அமைதியைப் பற்றிய செய்தி ஒன்று தனக்குக் கிடைத்ததாகச் சொல்கிறார். பாட்டின் மொழி அவருக்குத் தெரியாது.

வகுப்பில் கதையை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை முழுதாக. இரண்டாம் தடவை, போல்ஸ்கா வாசிப்பைக் கேட்கும் இடத்தில் மட்டும் நிறுத்தி, அவர் உடம்பில் நடப்பவற்றுக்கு அடியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கை, கண், தலை, உட்கார்ந்திருப்பது, எழுவது. 'அவர் நெகிழ்ந்தார்' என்று சொல்லி ஜானகிராமன் தப்பித்துக்கொள்ளவில்லை என்பது அந்தக் கோடுகளில் தெரியும். அடுத்து ஒரு கேள்வி: இந்தக் கதையில் மாறுகிறவர் யார்? பெரும்பாலான பிள்ளைகள் போல்ஸ்கா என்பார்கள். நான் பிள்ளை என்றே சொல்வேன். காலமெல்லாம் தன் கையில் இருந்த பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அயலார் ஒருவர் வந்து சொல்லித்தான் அவருக்கு இன்னொரு முறை தெரிகிறது. இதை மாணவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கதையிலிருந்து இடம் காட்டி வாதாடட்டும். இந்த வாதம் ஒரு முழுப் பாடவேளையைத் தின்னும், தின்னட்டும்.

பிறகு எழுத்து வேலை: அதே வக்கீல் வீட்டுக் கூடத்தில் கதையில் வராத ஒருவரை உட்கார வையுங்கள். காபி கொண்டுவந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், தாளம் போடுகிறவர். போல்ஸ்கா மெய்ம்மறந்து நிற்கும் அந்த நிமிடத்தில் அவர் எதைப் பார்த்தார்?

வருவதற்கு முன்னால் வரும் பாட்டு

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் பாகவத மேளா நாடகம் இன்றும் நடக்கிறது. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே 'பிரகலாத சரித்திரம்' ஆடுவார்கள். எழுதியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. மொழி தெலுங்கு. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவார்கள். பக்கத்துச் சாலியமங்கலத்திலும் இந்த மரபு உண்டு. இதில் நமக்கு வேண்டியது பிரவேச தரு. ஒவ்வொரு பாத்திரமும் மேடைக்கு வரும்போது அவருக்கென்றே ஒரு பாட்டு உண்டு. ஆள் இன்னும் திரைக்குப் பின்னால் இருப்பார். வருகிறவர் இரணியனா, லீலாவதியா, பிரகலாதனா என்பதை ராகமும் தாளமும் சொல்லிவிடும். நடை பிறகுதான் வரும்.

மாணவர்களுக்கு இது அந்நியமல்ல. கதாநாயகன் கார் கதவைத் திறப்பதற்கு முன்னால் தியேட்டரை அதிரவைக்கும் 'என்ட்ரி பி.ஜி.எம்.' அவர்களுக்கு மனப்பாடம். அதைச் சொல்லித் தொடங்கி மெலட்டூருக்குப் போங்கள். முடிந்தால் மே மாத விடுமுறையில் ஒரு இரவு நாடகத்தை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியே அழைத்துப்போவது இன்னும் நல்லது.

பயிற்சியைக் கைதட்டலில் செய்யலாம். சொற்கட்டு நான்கு போதும்: நாலுக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. வகுப்பு முழுதும் ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்க, ஒரு மாணவர் அதற்கேற்ப நடந்து காட்ட வேண்டும். தகதிமிக்கு நடக்கிறவர் சீராகப் போவார். தகதகிடவில் இரண்டும் மூன்றுமாகப் பிரிவதால் ஒரு கால் சற்று அதிக நேரம் தரையில் நிற்கும். முழங்கால் வலியோடு வரப்பில் நடக்கும் தாத்தா அங்கே தானாக வந்துவிடுவார். இப்போது அந்த ஆள் வருவதை ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். வாக்கியத்தின் நீளமும் தட்டிய தாளத்தைப் பின்பற்ற வேண்டும். குட்டை, நீளம், குட்டை, நீளம். அல்லது எல்லாம் குட்டை. ஆளின் பெயர் கடைசி வாக்கியத்தில் மட்டும் வரலாம்.

இந்தப் பயிற்சியின் பலன் பிள்ளைகள் அதுவரை கவனிக்காத ஒன்றை, அதாவது வாக்கியத்துக்கும் நடை உண்டு என்பதை, உடம்பால் தெரிந்துகொள்வது. இலக்கணப் பாடத்தில் அதை எவ்வளவு விளக்கினாலும் ஏறாது. அமைதியாக உட்கார முடியாத மாணவர்கள் இதில் மிக நன்றாக எழுதுவார்கள்.

இரண்டாம் தடவை கேட்பது

இதுவரை சொன்னது ஆளைக் காட்டுவதற்கு. ஆள் மாறுவதை எழுத ஒரே வழிதான் சொல்வேன்: அதே இசையை அதே ஆள் வேறொரு காலத்தில் கேட்க வேண்டும். இசை மாறவில்லை, கேட்டவர் செய்தது மாறியிருக்கிறது. இடையில் நடந்தது என்ன என்பதே கதை. முதலிலும் முடிவிலும் வரும் இந்த இரண்டு காட்சிகளை மட்டும் மாணவர் எழுதட்டும். நடுவை எழுதவே வேண்டாம். படிக்கிறவர் அதை ஊகிக்கிறாரா என்று பாருங்கள்.

உலக இலக்கியத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் கதை ஜேம்ஸ் ஜாய்ஸின் 'தி டெட்'. 1914இல் வெளியான 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதை. விருந்து முடிந்து புறப்படும் நேரத்தில் மாடிப்படியில் நின்று மனைவி ஒரு பழம்பாட்டைக் கேட்கிறாள். கீழே நின்று கணவன் அவளைப் பார்க்கிறான். அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த, இளமையில் இறந்துபோன ஒருவனின் நினைவு அவளுக்குள் இருப்பது அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. மேல்நிலை வகுப்புக்குக் கதைச் சுருக்கத்தைச் சொன்னாலே போதும்.

நம் ஊரில் இதற்கு ஒரு நிஜ மனுஷி இருக்கிறார், பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த பாடகி. திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகையர் சமாதிக்குத் தன் பணத்தைக் கொட்டி 1920களில் கோயில் எழுப்பினார். ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்களுக்குப் பாட இடம் இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில்தான் பிரிந்து கிடந்த தரப்புகள் ஒன்றுசேர்ந்தன. 1952இல் மறைந்தார். சமாதியைப் பார்த்தபடி அவர் சிலை இன்றும் இருக்கிறது. தை மாத ஆராதனையைப் பார்க்கப் போகும் மாணவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு காட்சிகள்: தான் கட்டிய இடத்தில் ஆண்கள் மட்டும் பாட, வெளியே நின்று கேட்ட நாள். பெண்களும் சேர்ந்து பாட, உள்ளே உட்கார்ந்த நாள். வரலாற்று மனிதர் என்பதால் அவர் சொல்லாத வசனத்தை அவர் வாயில் வைக்க வேண்டாம் என்று கட்டுப்பாடு போடுங்கள். கை என்ன செய்தது, எங்கே பார்த்தார் என்பது மட்டும். பேச்சைத் தடுத்தால் எழுத்து எவ்வளவு கூர்மையாகிறது என்பதை இதில் பார்க்கலாம்.

பாட்டி பாடாத பாட்டு

டெல்டாவில் மட்டும் செய்யக்கூடிய ஒரு வீட்டுப் பணி உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்தால் குறுவை நடவு, பிறகு சம்பா, தாளடி. காலாண்டு விடுமுறை பெரும்பாலும் சம்பா, தாளடி நடவு வேலைகளை ஒட்டியே வரும். அந்த விடுமுறைக்கு இதைக் கொடுங்கள். நடவு இயந்திரம் வந்த வயல்களில் பாட்டு இல்லை. ஆனால் நடவுப் பாட்டுப் பாடிய பெண்கள் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாக இதை ஆக்கிவிடாதீர்கள். பாட்டின் வரிகளை எழுதிவரச் சொன்னால் வரிகள் மட்டுமே வரும். கேட்க வேண்டியவை வேறு. கடைசியாக எப்போது பாடினீர்கள்? உங்களுக்கு வலப்பக்கம் யார் நின்றார்கள்? யார் முதலில் எடுத்துக் கொடுப்பார்? யார் சுருதி தப்பிப் பாடுவார்? பண்ணையார் வரப்பில் வந்தால் பாட்டு மாறுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அந்த அம்மா பாடினாலும் சரி, பாட மறுத்தாலும் சரி, வெற்றிலையை மடித்தபடி பேச்சை மாற்றினாலும் சரி, அதை அப்படியே எழுதி வர வேண்டும். "எல்லாம் மறந்துபோச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து ஒரு வரியை முணுமுணுக்கும் பாட்டியை எந்தப் பாடத்திட்டமும் பிள்ளைகளுக்குத் தரமுடியாது. ஒலிப்பதிவு செய்தால் முதலில் கேட்டுக்கொண்டு செய்யட்டும். வகுப்பில் வாசிக்கும்போது பெயரை மாற்றட்டும்.

கவனமாகத் தொட வேண்டியவை

ஒப்பாரியை வகுப்பில் ஒலிக்க விடும் முன் உங்கள் மாணவர்களின் வீட்டு நிலை தெரிந்திருக்க வேண்டும். அண்மையில் சாவு நடந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு அந்தப் பயிற்சியையே விட்டுவிடுங்கள். வெளியே போய் உட்கார் என்று அந்தப் பிள்ளையை அனுப்புவது இன்னும் மோசம்.

பறையும் நாகஸ்வரமும் தவிலும் நம் ஊர்களில் சாதியோடு கட்டப்பட்டவை. "உங்க அப்பா அடிப்பாரே, நீ சொல்லு" என்று ஒரு மாணவரை எழுப்பிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை உங்களை நம்பாது. யாருடைய வீட்டுத் தொழிலையும் நீங்கள் வெளியே இழுக்காதீர்கள். அதே நேரத்தில், பறை கேட்டால் முகம் சுளிக்கும் கதாபாத்திரத்தையும், அதே பறையைக் கேட்டு ஓடிவரும் கதாபாத்திரத்தையும் மாணவர்கள் நேர்மையாக எழுத இடம் கொடுங்கள். சுளிக்கும் முகத்தை எழுதும் மாணவர் அதை நியாயப்படுத்துகிறாரா, கவனிக்கிறாரா என்பதைப் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் பொறுப்பு. இதில் மௌனமாக இருந்துவிடக் கூடாது.

திருத்துவது

மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் இரண்டுக்கு மட்டும் போடுங்கள்: இந்த ஆள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறதா? எழுதியவர் இடையில் வந்து விளக்காமல் இருந்திருக்கிறாரா? எழுத்துப் பிழையைப் பிறகு தனியாகத் திருத்திக்கொள்ளலாம். முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுங்கள், ஒன்றே ஒன்று: "இவர் கை அப்போது எங்கே இருந்தது?" "பாட்டு நின்ற பிறகு முதலில் பேசியது யார்?" மறுவரைவுக்கு ஒரு வாரம் கொடுங்கள். எழுதியதைத் திரும்ப வாங்கும் நாளில், முதலில் ஒலிக்க விட்ட அதே இசையை மறுபடி ஒரு முறை போட்டுவிட்டு வாங்குங்கள். அதைக் கேட்டதும், "சார், ஒரு நிமிஷம்" என்று தாளைத் திரும்பக் கேட்டு ஒரு வாக்கியத்தை அடிக்கிற மாணவருக்கு அந்த நிமிடத்தைக் கொடுங்கள்.